முதுகெலும்பு நிபுணரைப் பார்க்க வேண்டுமா? முதலில் பரிந்துரைக் கடிதம்

பண்டமாரான் - துறைமுகம், தொழிற்சாலை, தோட்டம் என்று உழைத்த பலருக்கு இடுப்பு வலி கால் வரை இறங்கி, நடையையே முடக்கிவிடுகிறது. ஆனால், அரசு மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கிற்கு நேராகப் போய்ப் பதிய முடியாது. டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கு மரத்துப்போதல், கால் திடீரெனப் பலமிழத்தல் ஆகியவை அவசர நிலை. இவற்றுக்குக் கடிதம் தேவையில்லை. உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

கடிதம் பெறுவது எப்படி?

மற்றவர்கள் பண்டமாரான் அரசு சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். பெரும்பாலான முதுகு வலி சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால், டாக்டர் முதலில் மாத்திரையும் பிசியோதெரபியும் தருவார். அதைத் தவறவிடாதீர்கள். வலி தீரவில்லை என்பதற்கு அதுவே பதிவு.

நிபுணர் கிளினிக் நோயின் தீவிரத்தைப் பார்த்தே தேதி கொடுக்கிறது. அதனால் "முதுகு வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, எந்தக் காலில் இறங்குகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு வந்த காசநோய், புற்றுநோய் ஆகியவற்றை மறைக்க வேண்டாம். இவை கடிதத்தில் இடம்பெற வேண்டும்.

எங்கே அனுப்புவார்கள்?

இவ்வட்டாரத்தவர் பொதுவாகக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் எலும்பு நிபுணர் பிரிவுக்கு அனுப்பப்படுவர். சிக்கலான நோயாளிகள் அங்கிருந்து கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற பெரிய மையத்திற்கு மாற்றப்படலாம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குவதால், அதன் கட்டணமும் பதிவு முறையும் வேறு. அங்கு செல்ல கிள்ளானில் கொமுட்டர் ஏறி, அப்துல்லா ஹுக்கூமில் எல்.ஆர்.டி.க்கு மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கலாம்.

கட்டணம்

குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட். அரசு மருத்துவமனை நிபுணரிடம் தொடர் சிகிச்சைக்கு 5 ரிங்கிட். தனியார் டாக்டரின் கடிதத்துடன் சென்றால் முதல் முறை 30 ரிங்கிட். ஸ்கேன் கட்டணம் தனி.

வேலையிடத்தில் அடிபட்டிருந்தால்

சொக்சோவுக்கு முதலாளி 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். எப்படி அடிபட்டது என்பதை முதல் நாளிலேயே டாக்டரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பின்னர் இழப்பீடு கேட்கும்போது அந்தப் பதிவே கை கொடுக்கும்.

தேதி கிடைத்த பின்

மைகார்டு, கடிதம், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே தெரிவியுங்கள். தேதிக்கு முன் வலி கூடினால் வீட்டில் பொறுத்திருக்காதீர்கள். அதே கிளினிக்கிற்குத் திரும்பிச் சென்று, புதிய நிலையை எழுதிய கடிதம் வாங்குங்கள். தேதியை முன்னுக்குக் கொண்டுவர அதுவே வழி.