தார் பாலைவனத்து வீடுகளும் நச்சுப் பாம்புகளும்

தார் பாலைவனத்தில் மனிதரும் நச்சுப் பாம்பும் எதிர்ப்படுவது பெரும்பாலும் வீட்டிலும் வீட்டை ஒட்டிய வெளியிலும்தான். ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்தின் கிழக்கிலும் பரந்து கிடக்கிறது இந்த நிலம். ஜெய்சல்மேர் பக்கம் ஓர் ஆண்டின் மொத்த மழை 200 மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிது. மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் மணல்மேல் கிடந்தால் பாம்பு செத்துப்போகும். நிழலும் ஈரமும் இரையும் இருக்கும் இடம் தேடியே அது நகர்கிறது. பாலையில் இம்மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பவர் மனிதர்.

பழைய தார் வீட்டின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். வயல்களுக்கு நடுவே சில குடும்பங்கள் மட்டும் சேர்ந்து வாழும் சிறு குடியிருப்புக்கு 'டாணி' என்று பெயர். அங்கே வீடு என்பது வட்டமான மண்குடிசை: தடித்த மண்சுவர், சாணமும் களிமண்ணும் குழைத்து மெழுகிய தரை, பாலைப் புதர்களின் குச்சியையும் கம்புத் தட்டையையும் கொண்டு வேய்ந்த கூரை. வெளியே அனல் வீசும்போதும் உள்ளே குளிர்ச்சி தங்கும். குடிநீர்ப் பானைகளை வைக்கும் 'பரிண்டா' மேடையைச் சுற்றி எந்நேரமும் கசிவு இருக்கும். மண்குதிர்களில் கம்பும் பயறும் கிடப்பதால் எலி வரும். முற்றத்தில் வறட்டி அடுக்கு, விறகுக் குவியல், மாட்டுத்தீவனப் போர்; எல்லாவற்றையும் சூழ்ந்து இலந்தை முள்வேலி. எலிக்கும் பல்லிக்கும் இதைவிட நல்ல புகலிடம் அந்த வறண்ட வெளியில் இல்லை. எலிக்குப் பின்னே பாம்பு வருகிறது.

இப்படி வருபவற்றில் இரண்டு பாம்புகளே பாலை மக்களின் வழக்கங்களையும் அச்சங்களையும் பெரிதும் வடிவமைத்தன. ஒன்று, ராஜஸ்தானியர் 'பாண்டி' என அழைக்கும் சுருட்டை விரியன். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் சுருட்டை உண்டு. ஆனால் தாரில் வாழ்வது அதன் வடமேற்கு உள்ளினம், உடலளவில் பெரியது. 1969இல் ஸ்டெம்லர் அதைத் தனி உள்ளினமாக விவரித்து, எரிக் சோகுரெக் என்ற ஆஸ்திரிய ஊர்வன ஆய்வாளரின் பெயரைச் சூட்டினார். மணல் நிறம், அதன்மேல் வெளிறிய திட்டுகள். அசையாமல் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அச்சுறுத்தினால் உடலை வளைவு வளைவாக மடித்து, பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று தேய்த்து, ரம்பம் அறுப்பதுபோல் ஒலியெழுப்பும். விறகு எடுக்கும் கை, வறட்டி உருவும் கை, இருட்டில் முற்றத்தில் இறங்கும் வெறுங்கால் ஆகியவையே இதன் கடிக்கு இலக்காகின்றன. கடித்த இடம் வலிக்கும், வீங்கும். இதன் நஞ்சு குருதியின் உறைபொருளைத் தீர்த்துவிடுவதால் ஈறிலிருந்தும் பழைய புண்களிலிருந்தும் குருதி கசியத் தொடங்கும். இறப்பு நேர்ந்தால் அது பெரும்பாலும் சில நாள் கழித்து, உள்ளுறுப்புகளில் ஏற்படும் குருதிப்பெருக்கால் வரும்.

மற்றது 'பீவணா'. கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த இப்பாம்பை 1897இல் பூலஞ்சர் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். அவருக்குக் கிடைத்த மாதிரி சிந்துவின் உமர்கோட்டைச் சேர்ந்தது. அதனால் ஆங்கில நூல்களில் இது சிந்து கட்டுவிரியன் ஆயிற்று. சாதாரணக் கட்டுவிரியனுக்கு நடு உடலில் 15 வரிசைச் செதில்கள் இருக்க, இதற்கு 17 இருக்கும். கருமையான பளபளப்பு உடல், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் வளைக்குள் முடங்கி, நள்ளிரவில் எலியையும் பல்லியையும் பிற பாம்புகளையும் தேடி அலையும்.

பீவணாவைப் பற்றி மேற்கு ராஜஸ்தானின் மார்வார்ப் பகுதி முழுவதும் ஒரே நம்பிக்கை பரவியிருக்கிறது. அது கடிப்பதில்லை, தூங்குபவரின் மார்பில் ஏறி அமர்ந்து, மூச்சைக் குடித்து, நஞ்சை வாய்க்குள் விட்டுவிட்டுப் போய்விடும். 'குடிப்பது' என்று பொருள்படும் பீவணா என்ற பெயரே இதனால் வந்தது. இந்தக் கதையை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கண்ணால் கண்ட நோய்க்குறிகளுக்கு, கிடைத்த சான்றுகளை வைத்து மக்கள் சொன்ன விளக்கம் அது. கட்டுவிரியனின் பற்கள் சிறியவை. கடித்தால் வலி இராது, வீக்கம் வராது, தடமும் பெரும்பாலும் தெரியாது. வெக்கை தாளாமல் முற்றத்துத் தரையில் படுத்துறங்கியவர் புரளும்போது அது கடித்துவிட்டு நகர்ந்துவிடும். விடியுமுன் வயிற்றுவலியோடு அவர் எழுவார். இமைகள் தாமாகச் சரியும், நாக்கு குழறும், எச்சிலை விழுங்க முடியாமல் தொண்டை அடைக்கும். கடைசியில் மூச்சுத்தசைகள் செயலிழக்கும். நரம்பு முனைகளைத் தாக்கும் நஞ்சு என்பது தெரியாத காலத்தில், உடலில் காயமே இல்லாமல் மூச்சு மட்டும் நின்றுபோன ஒருவரைப் பார்த்தவர்கள், மூச்சை யாரோ குடித்துவிட்டார்கள் என்று நினைத்ததில் வியப்பில்லை. அதே நம்பிக்கை செய்த தீங்கும் பெரிது. கடியைத் தேடாததால் பாம்புக்கடி என்றே பலர் உணரவில்லை. வயிற்றுவலிக்கும் தொண்டை அடைப்புக்கும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நேரம் கடந்துவிடும்.

மருந்தில்லாத நிலத்தில் காவலாக நின்றவர்கள் நாட்டார் தெய்வங்கள். அவர்களில் முதல்வர் கோகாஜி. சூரு மாவட்டத்துத் தத்ரேவாவில் ஆண்ட சௌகான் குலத்தவர், கஜினி மஹ்மூதோடு போரிட்டு மாண்டவர் என்பது மரபுச் செய்தி. அவர் பாம்புகளின் தலைவரானதற்குப் பல கதைகள் உண்டு. மணப்பெண் கேலம் பாம்பு கடித்து வீழ்ந்தபோது, கோகாஜி மந்திரம் ஓதிப் பாம்புகளையே வரவழைத்து நஞ்சை எடுக்கச் செய்தார் என்பது ஒன்று. நாட்டார் வீரர் பாபுஜியைப் பாடும் காவியத்தில் கதை வேறுமாதிரி: கேலத்தை மணக்க விரும்பிய கோகாவே பாம்பு வடிவெடுத்து அவளைத் தீண்டி, பின் தானே குணப்படுத்தி, அவள் சித்தப்பாவான பாபுஜியின் ஒப்புதலைப் பெறுகிறார். இரண்டிலும் கடியும் தீர்வும் ஒரே கைக்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பாம்பை அழிப்பது இந்த வழிபாட்டின் நோக்கமாக எக்காலத்திலும் இருந்ததில்லை. அதோடு ஓர் உடன்பாடு செய்துகொள்வதே நோக்கம்.

ஹனுமான்கர் மாவட்டத்தில் கோகாமேடி என்ற ஊரில் அவர் சமாதி உள்ளது. இஸ்லாமியர் அவரை ஜாஹர் பீர் என்று வணங்குகின்றனர். கோயில் முகப்பில் பிஸ்மில்லா பொறிக்கப்பட்டிருக்கிறது. மூலைகளில் மினார்கள் நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிகானேர் மன்னர் கங்கா சிங் இதைப் புதுப்பித்தார். ஊர்தோறும் வன்னி மரத்தடியில், பாம்பு செதுக்கிய கல்லோடு கோகாவுக்கு ஒரு சிறு இடம் இருக்கும். முதல் மழைக்குப் பின் ஏர் பூட்டுமுன், அவர் பெயரால் ஒன்பது முடிச்சிட்ட கயிற்றை ஏருக்கும் உழவருக்கும் கட்டுவார்கள். கோகா நவமி விழா கோகுலாஷ்டமிக்கு மறுநாள் வருகிறது.

இரண்டாமவர் தேஜாஜி. நாகௌர் மாவட்டத்துக் கர்னாலில் பிறந்த ஜாட் வீரர். களவுபோன பசுக்களை மீட்கப் போகும் வழியில் ஒரு பாம்பு அவரை மறிக்கிறது. வேலையை முடித்துத் திரும்பி வந்து கடிபடுவதாக வாக்குக் கொடுக்கிறார். உடலெங்கும் காயத்தோடு திரும்பியவரிடம் கடிக்க இடமில்லை என்கிறது பாம்பு. காயம்படாத நாக்கை நீட்டுகிறார் தேஜாஜி. அவர் பெயரால் கடிபட்டவருக்கு 'தாந்தி' எனும் கயிறு கட்டிக் கோயிலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். தேஜா தசமி கோகா நவமிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வரும். இரு விழாக்களும் பருவமழையின் பிற்பகுதியில் அமைந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. வளைகளில் நீர் புகுந்து பாம்புகள் மேடேறும் காலமும், வயலிலும் களத்திலும் மனிதர் அதிகம் புழங்கும் காலமும் அதுவே.

இவ்வழிபாடுகள் பலருக்குப் பலித்ததாகத் தோன்றியதற்குக் காரணங்கள் உண்டு. நஞ்சில்லாத பாம்புகளின் கடியே மிகுதி. நச்சுப் பாம்பும் சில சமயம் நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். பாண்டியிடம் கடிபட்டவரிலும் கணிசமானோர் பிழைப்பர். பீவணாவிடம் நஞ்சேறக் கடிபட்டவரைக் கயிறு காப்பாற்றியிருக்க வழியில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டினால் விரியன் கடியில் தசை அழுகுவது கூடும் என்பதும் இன்று தெரிந்த செய்தி.

தெய்வங்களுக்கு அடுத்து நின்றவர்கள் கால்பேலியர். கானிபா என்ற நாத சித்தரின் வழிவந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இந்த நாடோடி மக்கள், கழுதைகளில் உடைமைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். மகுடி ஊதி நாகம் காட்டி மாவும் துணியும் பெற்றது அவர்கள் பிழைப்பின் ஒரு பாதி மட்டுமே. வீட்டுச் சுவரிலோ குதிரடியிலோ புகுந்த பாம்பைப் பிடித்து அப்புறப்படுத்துவது, வேரும் பச்சிலையும் தருவது ஆகியவற்றை நம்பி மக்கள் அவர்களை அழைத்தனர். எந்த வளையில் எது இருக்கும், எந்தப் பருவத்தில் எது வெளிவரும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் சேர்ந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பு பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியபின் அந்தத் தொழில் சரிந்தது. பாம்பின் நெளிவை உடலில் காட்டும் அவர்களது பாட்டும் ஆட்டமும் 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறின. கால்பேலிய நடனக் கலைஞர் குலாபோ சபேராவுக்கு 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கலை பிழைத்தது நல்லதே. ஆனால் அந்த அறிவுக்கு மாற்று வாழ்வளிக்கும் வழி எதையும் சட்டம் கூடவே கொண்டுவரவில்லை என்பது பெரிய இழப்பு.

தமிழ்நாட்டில் அந்த வழி திறந்தது. தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள் அதே சட்டத்தால் பிழைப்பிழந்தபோது, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிட அரசு உரிமம் அளித்தது. செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் எடுக்கப்படும் நஞ்சே நெடுங்காலமாக நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு முக்கிய மூலப்பொருள்.

அந்த மருந்தின் வரலாற்றில் பாலைவனம் தொடக்கத்திலிருந்தே விடுபட்டிருந்தது. 1905இல் நிறுவப்பட்ட கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் முதலில் உருவாக்கிய நச்சுமுறி, நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் உரியது. பாலையின் கொடிய பாம்புகளான பாண்டிக்கும் பீவணாவுக்கும் அதில் மருந்தில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த பொது மருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. அதிலும் சுருட்டையின் தென்னிந்திய உள்ளினமும் சாதாரணக் கட்டுவிரியனுமே இடம்பெற்றன.

இதற்கிடையே பாலையின் முகமும் மாறத் தொடங்கியது. 1958இல் அடிக்கல் நாட்டப்பட்டு, பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்ற வாய்க்கால், பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் ஓடி 1980களில் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்கு நீர் கொண்டுவந்தது. கோதுமையும் பருத்தியும் விளைந்தன. ஈரநில எலியினங்கள் பாலைக்குள் புகுந்ததை ஜோத்பூர் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனத்து அறிஞர்கள் பதிவு செய்தனர். மண்குடிசைகள் கல்வீடுகளாயின. எனினும் விறகும் தீவனமும் முற்றத்திலேயே இருக்கின்றன. கோடையில் வெளியே படுப்பதும் தொடர்கிறது.

2019இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர், பொது நச்சுமுறியில் இடம்பெறாத பாம்புகளின் நஞ்சைச் சோதித்து வெளியிட்ட முடிவுகள், மருத்துவமனைகளில் இருந்த ஐயத்தை உறுதிசெய்தன. எலிகளில் செய்த சோதனையில் சிந்து கட்டுவிரியனின் நஞ்சு நாகத்தினுடையதைவிட ஏறத்தாழ 40 மடங்கு வீரியம் கொண்டிருந்தது. கடைகளில் கிடைக்கும் மருந்து அதை முறிக்கத் திணறியது. மேற்கு ராஜஸ்தான் சுருட்டைக் கடிக்கும் இம்மருந்து சரியாக வேலை செய்வதில்லை என்று ஜோத்பூர் மருத்துவர்களும் எழுதினர். குப்பிமேல் குப்பியாக ஏற்றியும் குருதி உறையாத நோயாளிகளை அவர்கள் பார்த்திருந்தனர்.

ஆகவே அந்தந்த வட்டாரப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்ய வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த தேசியச் செயல்திட்டம், பாம்புக்கடி இறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைப்பதை இலக்காக வைத்துள்ளது. வட்டார மருந்து வரும்வரை தார் மக்களுக்கு எளிய காவல்களே உண்டு. தரையில் படுக்காமல் கயிற்றுக்கட்டிலில் படுப்பதும், அதன்மேல் கொசுவலையை நன்றாகச் செருகிக் கட்டுவதும் கட்டுவிரியன் கடியைத் தடுக்கும். நேபாளத் தராய்ப் பகுதியில் செய்யப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு கொசுவலையின் பயனைக் காட்டியிருக்கிறது. தீவனப் போரையும் வறட்டியையும் படுக்குமிடத்திலிருந்து தள்ளி அடுக்குவதும், இரவில் கைவிளக்கோடு நடப்பதும் பாண்டிக்கு எதிரான காவல். பீவணா கடித்தவரின் உயிரோ செயற்கைச் சுவாசக் கருவியிடம் இருக்கிறது. நரம்பு முனைகள் மீளும்வரை சில நாள் மூச்சைக் கருவி தாங்கிக்கொண்டால் பெரும்பாலோர் முழுமையாகப் பிழைப்பர். அந்தக் கருவி உள்ள மருத்துவமனை எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதே ஒரு டாணிவாசிக்கு முதல் கேள்வி.