லாவா (தானியங்கிச் சோதனைக் கட்டமைப்பு)

லினாரோ அமைப்பு உருவாக்கிய திறமூலக் கட்டமைப்பான லாவா, லினக்ஸ் கெர்னலை நிஜமான கணினிப் பலகைகளில் ஏற்றி, ஆள் துணையின்றிச் சோதிக்கிறது. பலகையின் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும். சீரியல் கம்பி வழியே பூட்லோடரை இடைமறித்துப் புதிய கெர்னலை நெட்வொர்க்கிலிருந்து ஏற்றச் சொல்லும். கன்சோலில் வரும் ஒவ்வொரு வரியையும் பதிந்துகொண்டு, லாகின் வரை போகிறதா, நடுவில் கெர்னல் நிலைகுலைகிறதா என்று பார்க்கும்.

இதற்கு கியூஎமு போன்ற எமுலேட்டர் போதாதா என்று கேட்கலாம். செலவும் நேரமும் அதில் குறைவுதான். ஆனால் கடிகாரம், மின்னழுத்தச் சீராக்கி, மெமரி கார்டு ஆகியவற்றின் டிரைவர் பிழைகள் பெரும்பாலும் நிஜ வன்பொருளில்தான் தலைகாட்டும். அதனால், லினக்ஸ் கெர்னலைத் தொடர்ந்து சோதிப்பதற்கென 2014இல் தொடங்கிய கெர்னல்சிஐ திட்டம் பல ஆய்வகங்களின் பலகைகளைச் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு. பலகையே பழுதானால் பழி கெர்னல்மேல் விழாதா? நியாயமான அச்சம். அதனால்தான், ஒழுங்காக இயங்கும் என்று முன்பே தெரிந்த கெர்னலைக் கொண்டு லாவா அவ்வப்போது பலகையையே சோதிக்கிறது; தேறாததை வரிசையிலிருந்து விலக்கிவிடுகிறது.