'தான் மீ' எப்போது பிழையானது?

'ஷீ இஸ் ரோலர் தான் மீ' எண்டு எழுதினால் சிவப்புப் பேனை ஓடும். 'தான் ஐ' எண்டு திருத்தச் சொல்லுவினம். (இந்தத் 'தான்' எங்கட 'தான்' இல்லை!) ஆங்கிலத்தோட கூடப் பிறந்த விதி எண்டு நாங்கள் நம்பிறம். உண்மையில் இது 18ஆம் நூற்றாண்டில் இலக்கணப் புத்தகங்கள் வழியாக இறுகின சங்கதி.

அதுக்கு முதல், ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் காசியஸ் கூச்சமில்லாமல் 'மீ' போட்டுத்தான் ஒப்பிடுகிறான்.

1762இல் ரொபர்ட் லோத் என்ற மதகுரு ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். ஒக்ஸ்போர்ட்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் லண்டன் ஆயர். 'தான்' ஓர் இணைப்புச் சொல், அதன் பின்னால் ஒரு வினை மறைந்து நிற்கிறது, மறைந்ததை விரித்தால் எழுவாய் வேணும், ஆகவே 'ஐ' என்பது அவருடைய வாதம். ஜொனதன் ஸ்விப்ட் எழுதின 'தான் மீ'யையும் பிழைப் பட்டியலில் சேர்த்தார்.

வாதத்தில் சத்து இல்லாமல் இல்லை. 'அவள் என்னைவிட அவனை நேசிக்கிறாள்' எண்டு தமிழில் சொன்னால், நான் நேசிப்பதைவிடவா, என்னை நேசிப்பதைவிடவா? தெரியாது. ஆங்கிலத்தில் 'ஐ', 'மீ' இரண்டையும் வைத்து அதைப் பிரிக்கலாம். ஆனால் உயரத்தை ஒப்பிடுகிற வசனத்தில் ஆருக்கு என்ன குழப்பம்?

சுவையான இடம் இதுக்குப் பிறகுதான். மில்டன் 1667இல் 'தான் ஹூம்' எண்டு எழுதியிருந்தார். லோத்தின் விதிப்படி அது 'ஹூ' ஆகவேணும். அவரோ அந்தச் சொல்லுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மில்டனுக்கு ஒரு நியாயம், ஸ்விப்டுக்கு இன்னொண்டு!

1761இலேயே ஜோசப் பிறீஸ்ற்லி (பிறகு ஒட்சிசன் ஆய்வால் பேர் எடுத்தவர்) மக்களின் வழக்குத்தான் மொழிக்கு அளவுகோல் எண்டு எழுதினார். வகுப்பறையில் வென்றது அவரில்லை. 1795இல் லின்ட்லி மறே, யோர்க்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக எழுதின இலக்கணத்தில் லோத்திடமிருந்து நிறைய எடுத்தாண்டார். அந்தப் புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போனது.

தமிழில் 'என்னைவிட' எண்டு இரண்டாம் வேற்றுமையில்தான் ஒப்பிடுகிறம், 'நான்விட' எண்டு ஆரும் சொல்லுறதில்லை. அதனால் எங்கட வாயில் 'மீ' முதலில் வருவதில் அதிசயமில்லை. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணமும் அதைப் பிழை எண்டு தள்ளேல்லை. 'ஐ' கூடுதலாகச் சம்பிரதாய நடைக்குரியது. அது விறைப்பாகத் தெரிந்தால், 'தான் ஐ ஆம்' எண்டு வினையையும் சேர்த்து எழுதலாம், எந்தச் சிவப்புப் பேனையும் தொடாது.