எண்ணப்படுவோரும் கேட்கப்படுவோரும்

மதுரைப் புது ஜெயில் சாலையின் உயர்ந்த மதில்களுக்குள் 1865 முதல் மத்திய சிறை இயங்கி வருகிறது. பொழுது சாய்ந்து அறைகள் பூட்டப்படுமுன் அங்குள்ளோர் ஒவ்வொருவராக எண்ணப்படுகின்றனர். தொகை சரியானால் அந்நாள் முடிந்தது. ஆயின், நாட்டின் ஏடுகளும் அவர்களை எண்ணுகின்றன. எங்கே, எதற்காக எண்ணுகின்றன என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

எண்ணுவது எப்போதும் மதிப்பதாகாது என்பதை மதுரைச் சமவெளி நன்கறியும். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை பதித்துப் பதிவு செய்யப்பட்டனர். இரவுதோறும் ஆடவர் காவலர்முன் வருகை காட்ட வேண்டியிருந்தது. இதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது. அம்மக்களை எண்ணியது காவலுக்காக. அவர்கள் குரலைக் கேட்பதற்காக அன்று.

இன்றைய நிலை என்ன? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறை ஒரு 'நிறுவனக் குடும்பம்'. கணக்கெடுப்பு நாள்கள் முழுதும் உள்ளே இருப்பவர் அங்கேயே எண்ணப்படுகிறார். ஆனால் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ, சிறையில் இருப்பதாலேயே ஒருவரை அவ்விடத்து வாசியாகக் கருதலாகாது என்கிறது. ஆகவே வாக்காளராக அவர் தம் ஊருக்கே உரியவர். எனினும் 1951-ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் வாக்களிக்க இயலாது. தடுப்புக் காவலில் இருப்போருக்கு மட்டுமே விலக்கு உண்டு. 1997-இல் உச்ச நீதிமன்றம் இத்தடையை ஏற்றது. 2013-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால், சிறையிலிருப்பவர் தேர்தலில் நிற்கலாம், வாக்களிக்கத்தான் முடியாது!

இம்முரண் எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அயோவா மாநிலத்து அனமோசா என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட வார்டு ஒன்றில் சுமார் 1,300 பேர் கைதிகள். 2005-இல் ஒருவர் இரண்டே வாக்குகளால் அவ்வார்டின் உறுப்பினரானார். மேரிலாந்தும் நியூயார்க்கும் 2010-இல் சட்டமியற்றி, தொகுதி வரையறையில் கைதிகளை அவர்தம் சொந்த ஊர்க் கணக்கில் சேர்த்தன.

பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மதுரையில் அத்தகைய விந்தை நேராது, உண்மையே. எனினும் வார்டு எல்லையும் நிதிப் பங்கும் மக்கள்தொகையைச் சார்ந்தவை. உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் ஒருவர் மதுரைச் சிறையில் இருந்தால், அவரது தலை நகரக் கணக்கில் ஏறுகிறது. மனைவி மக்கள் வாழும் சிற்றூரில் ஓர் எண் குறைகிறது. அவர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவராகவும் இருக்கலாம். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நால்வருக்கு மூவர் விசாரணைக் கைதிகளே.

அகுஸ்து சீசரின் கணக்கெடுப்பிற்காகச் சூசையப்பர் தம் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குச் சென்றதை நாம் அறிவோம். நம் கைதியால் ஊர் செல்ல இயலாது; அவரது எண்ணாவது செல்லலாமே! தடுப்புக் காவலில் உள்ளோருக்கு வழங்கப்படும் தபால் வாக்கை விசாரணைக் கைதிக்கும் நீட்டலாமே! தண்டனை ஒருவரின் நடமாட்டத்தைப் பறிக்கலாம். அவரை வெறும் தொகையாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. மதிலுக்குள் மாலைதோறும் எண்ணப்படுவோரின் பெயரையும் ஊரையும் மதிலுக்கு வெளியே இருக்கும் நாம் மறவாதிருப்போம்.