ஆறு ஓட்டங்களும் நாற்பது ஆண்டுகளும்: மைசூர் கிரிக்கெட் ரசிகர்களின் காத்திருப்பு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

2010 ஜனவரியில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரிப் பகுதியில் உள்ள கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டி நடைபெற்றது. கர்நாடகம் கடைசியாகக் கோப்பையை வென்றது 1998-99இல். இடைப்பட்ட பத்துப் பருவங்களில் ஒருமுறைகூட அது இறுதிப் போட்டியை எட்டவில்லை. எதிரணி மும்பை. 338 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய கர்நாடகம் நான்காம் நாளில் 331 ஓட்டங்களுக்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. தோல்வி 6 ஓட்டங்களில்.

இந்த ஆட்டம் பெரும்பாலும் ஒரு சோகக் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. இருபது வயது மணீஷ் பாண்டே அடித்த 144, கணேஷ் சதீஷ் சேர்த்த 75, இருவரும் நான்காம் விக்கெட்டுக்குக் குவித்த 200க்கும் மேற்பட்ட ஓட்டங்கள், பின்னர் அஜித் அகர்க்கர் 5 விக்கெட்டுகளைச் சாய்த்தது ஆகியவை அக்கதையின் பகுதிகள். வரலாற்று மாணவருக்கு அதைவிடக் கவனிக்கத்தக்கது, அந்தத் தோல்விக்குப் பின் என்ன செய்யப்படவில்லை என்பதே. அணி கலைக்கப்படவில்லை. தோற்ற அணியில் இருந்த வினய் குமார், ராபின் உத்தப்பா, மணீஷ் பாண்டே, அபிமன்யு மிதுன் ஆகியோரே அடுத்த நான்காண்டுகளில் எழுந்த அணியின் முதுகெலும்பாயினர்.

தோற்கும் அணியிடம் ரசிகர் காட்டும் பொறுமை என்பது விளையாட்டு எழுத்தில் தேய்ந்துபோன சொற்றொடர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் டியூக் பல்கலைக்கழகம். 1980இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற மைக் ஷஷெவ்ஸ்கி முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றிகளையும் 47 தோல்விகளையும் பெற்றார். அவரை நீக்க வேண்டுமென்று பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் குரல் எழுப்பினர். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அதற்கு இணங்காமல், 1984இல் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார். முதல் தேசியப் பட்டம் 1991இல் கிடைத்தது. அதன்பின் மேலும் நான்கு. ரசிகர் பொறுமைக்குச் சான்றாக இக்கதையைச் சொல்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: இதில் பொறுத்துக்கொண்டவர் ஒரேயொரு நிர்வாகி, ரசிகர் பலரும் பொறுக்கவில்லை.

மைசூர் ரசிகரின் நிலை வேறு. பருவச்சீட்டு வாங்கி இருக்கையை உரிமையாக்கிக்கொள்ளும் வழக்கம் ரஞ்சி ஆட்டங்களில் வேரூன்றவில்லை. நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டவும் வழியில்லை. கிரிக்கெட் சங்கத்தின் தேர்தல்களில் வாக்கு உறுப்பினருக்கும் மன்றங்களுக்கும் உரியது. மர நிழலில் நின்று ஆட்டம் பார்க்கும் மாணவருக்கு அன்று. ஆகவே இங்கே பொறுமை என்பது தேர்ந்தெடுத்துக்கொண்ட குணம் மட்டுமா, வேறு வழியின்மையின் மறுபெயரும்தானா என்ற கேள்வி எழுகிறது. இரண்டுமே என்றுதான் தோன்றுகிறது. எனினும் விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

தொடக்கமே தோல்வி. மைசூர் மாநிலக் கிரிக்கெட் சங்கம் 1933இல் தோன்றியது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மதராஸும் மைசூரும் மோதின. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மைசூர் 48, மதராஸ் 130, மைசூர் மீண்டும் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ஓட்டங்களில் தோல்வி, அதுவும் ஒரே நாளில். தொடர் அப்போது தோற்றால் வெளியேறும் முறையில் நடந்ததால், மைசூர் ரசிகரின் அந்த ஆண்டு அன்று மாலையே முடிந்துபோயிற்று. மறு ஆட்டத்துக்கு அடுத்த பருவம் வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமை என்ற சொல் அக்காலத்தில் நாள்காட்டியோடு நேரடியாகத் தொடர்புடையது.

எட்டாம் பருவமான 1941-42இல் மைசூர் இறுதிப் போட்டியை எட்டியது. பம்பாய் 9 விக்கெட்டுகளுக்கு 506 எடுத்து இன்னிங்ஸை முடித்துக்கொள்ள, மைசூர் 68க்கும் 157க்கும் சுருண்டது. அடுத்த இறுதிப் போட்டி 1959-60இல். மீண்டும் பம்பாய், மீண்டும் இன்னிங்ஸ் தோல்வி. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து ஆண்டுகள் கோப்பை பம்பாயை விட்டு நகரவேயில்லை. ஆக, இது மைசூருக்கு மட்டும் நேர்ந்த வறட்சி அன்று. ஏனைய மாநிலங்களின் ரசிகர் அனைவரும் ஒரே வரிசையில்தான் நின்றிருந்தனர்.

அந்த வரிசையில் நின்றவர் யார் என்பது இன்னும் சிக்கலான கேள்வி. 1934இல் ஆடியது ஒரு சமஸ்தானத்தின் அணி. அன்று பெங்களூர்க் கண்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. தமிழர் திரளாக வாழ்ந்த பகுதி அது. அங்கிருந்த கிரிக்கெட் ஆர்வலர் மதராஸுக்காக மகிழ்ந்தாரா, மைசூருக்காக வருந்தினாரா என்பதைக் கணக்கெடுப்பு எதுவும் சொல்லாது. 1956இன் மாநிலச் சீரமைப்புக்குப் பின் பம்பாய், ஹைதராபாத் பகுதிகளின் கன்னட மாவட்டங்களும் மைசூர் மாநிலத்தில் சேர்ந்தன. 1973 நவம்பர் 1 அன்று மாநிலத்தின் பெயரே கர்நாடகம் என மாறியது. நாற்பதாண்டுக் காத்திருப்பு என்று எளிதாகச் சொல்கிறோம். காத்திருந்த மக்கள் தொகுதியும் அதன் எல்லையும் அதற்குள் இருமுறை திருத்தி எழுதப்பட்டுவிட்டன.

மறுகட்டமைப்பு எனத்தக்கது 1960களில் நிகழ்ந்தது. அதன் நாயகர் எரப்பள்ளி பிரசன்னா. 1962 ஜனவரியில் சென்னையில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடி, அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பியவர், மைசூரில் பொறியியல் படிப்பை முடிப்பதற்காகப் பெரிய ஆட்டத்தை விட்டு விலகினார். இந்திய அணிக்குத் திரும்பியது 1967 ஜனவரியில். இன்றைய நிலையில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் ஐந்தாண்டு விலகிப் படிப்பார் என்றால் எவரும் நம்பமாட்டார். மைசூரில் பிறந்த பகவத் சந்திரசேகரும், பத்ராவதியில் பிறந்து, 1967இல் ஆந்திரத்துக்கு எதிரான தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 230 அடித்த குண்டப்பா விஸ்வநாத்தும் அவரோடு சேர, ஒரு தலைமுறை உருவாயிற்று.

1973-74 அரையிறுதியில், பெங்களூரில், பிரசன்னா தலைமையிலான அணி பம்பாயைச் சந்தித்தது. விஸ்வநாத் எதிர்கொண்ட முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ கேட்டு எழுந்த முறையீட்டை நடுவர் ஏற்கவில்லை. பம்பாய்க்காரர் அதை நெடுங்காலம் மறக்கவில்லை. அவர் 162 எடுத்தார். பிரிஜேஷ் படேல் 106. 385 என்ற எண்ணிக்கையைப் பம்பாய் எட்டவில்லை. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கர்நாடகம் முன்னேறி, ஜெய்ப்பூரில் ராஜஸ்தானை 185 ஓட்டங்களில் வென்றது. கர்நாடகம் என்ற பெயர் சூடிய முதல் பருவத்திலேயே கோப்பை வந்தது ஒரு தற்செயல். ஆனால் மாநில அடையாளம் குறித்துப் பின்னர் எழுந்த பேச்சுகளில் அத்தற்செயல் நன்றாகவே பயன்பட்டது.

அதன்பின் 1998-99 வரை மேலும் ஐந்து கோப்பைகள். அவற்றுள் 1995-96இன் வெற்றி சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டுக்கு எதிராக. இந்தப் பின்னணியில்தான் அதன்பின் வந்த வறட்சி கசந்தது. வென்று பழகாதவர் காத்திருப்பதும், வென்று பழகியவர் காத்திருப்பதும் ஒன்றல்ல. முன்னவரிடம் எதிர்பார்ப்பு உண்டு. பின்னவரிடம் ஒப்பீடு உண்டு. 2000களின் கர்நாடக வீரர் ஒவ்வொருவரும் திராவிடோடும் கும்ப்ளேயோடும் மைசூரின் ஜவகல் ஸ்ரீநாத்தோடும் எடைபோடப்பட்டனர். அந்தத் தராசில் எவர்தான் நிறைவார்?

கங்கோத்ரி கிளேட்ஸ் தோல்விக்குப் பத்து மாதங்கள் கழித்து, 2010 நவம்பரில், அனில் கும்ப்ளே மாநிலச் சங்கத்தின் தலைவராகவும் ஸ்ரீநாத் செயலாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கோப்பை உடனே வரவில்லை. 2010-11, 2011-12, 2012-13 ஆகிய மூன்று பருவங்களிலும் கர்நாடகம் இறுதிப் போட்டிக்குக்கூடச் செல்லவில்லை. கே. எல். ராகுல் 2010-11இல் அறிமுகமானார். ஒரே பருவத்தில் 1000 ஓட்டங்களைக் கடந்தது 2013-14இல்தான். அந்த இடைவெளியே உண்மையான சோதனைக் காலம். அறிமுகப் பருவத்தை வைத்து அவரை மதிப்பிட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

வினய் குமார் தலைமையில், பழைய கோப்பை அணிகளில் ஆடிய ஜே. அருண் குமாரின் பயிற்சியில், 2013-14இல் ஹைதராபாதில் மகாராஷ்டிரத்தை வென்று கோப்பையைத் திரும்பப் பெற்றனர். அடுத்த ஆண்டு வான்கடேயில் தமிழ்நாடு 134க்குச் சுருள, கர்நாடகம் 762 குவித்தது. கருண் நாயரின் 328, 1946-47இல் குல் முகமது எடுத்த 319ஐத் தாண்டி, ரஞ்சி இறுதிப் போட்டிகளின் தனிநபர் உச்சமாயிற்று. இன்னிங்ஸ் மற்றும் 217 ஓட்டங்களில் வெற்றி. சேப்பாக்கத்தில் 48க்குச் சுருண்ட அணியின் வழித்தோன்றல்கள் மதராஸின் வழித்தோன்றல்களுக்குத் திருப்பிக் கொடுத்த கணக்கு இது என்று சொல்ல எவருக்கும் ஆசை வரும். எண்பதாண்டுக் கணக்கை எவரும் நெஞ்சில் வைத்து ஆடுவதில்லை என்பதே உண்மை. தமிழ்நாட்டு ரசிகரின் நிலையோ இன்னும் கடினம். 1954-55, 1987-88 ஆகிய இரு கோப்பைகளுக்குப் பின் இழந்த இறுதிப் போட்டிகளே அவருடைய கையிருப்பு. பொறுமைக்குப் பலன் உறுதி என்று எவரேனும் வாதிட்டால், சேப்பாக்கத்து மாடத்தில் அமர்ந்து அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

2010இன் இணையில் ஒருவரான கணேஷ் சதீஷ் பின்னர் விதர்பாவுக்குப் பெயர்ந்தார். 1957-58 முதல் ரஞ்சியில் ஆடிவந்தும் இறுதிப் போட்டியையே காணாத அணி அது. 2017 டிசம்பரில் கொல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் விதர்பாவை எதிர்த்தது வினய் குமாரின் கர்நாடகம். விதர்பாவின் இரண்டாம் இன்னிங்ஸில் சதீஷ் 81 எடுத்தார். 198 என்ற இலக்கைத் துரத்திய கர்நாடகம் 192க்கு ஆட்டமிழந்தது. இம்முறை தோல்வி 5 ஓட்டங்களில். 2018 ஜனவரி 1 அன்று, இந்தூரில் டெல்லியை வென்று, அறுபதாண்டுக் காத்திருப்புக்குப் பின் நாகபுரி ரசிகர் தம் முதல் கோப்பையைப் பெற்றனர்.