ஓரங்களில் எழுதிய கடிதம்

அது ஒரு அச்சடித்த படிவம். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் கப்பல்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பிய தாள்களில் ஒன்று. கப்பலின் பெயர், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை எழுத மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். நிரப்பி, புட்டியில் போட்டு அடைத்து, கடலில் எறிய வேண்டும். எங்கே போய் ஒதுங்குகிறதோ அதை வைத்து நீரோட்டத்தின் போக்கைக் கணக்கிடுவார்கள். இதைக் கண்டெடுப்பவர், கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து லண்டனிலுள்ள கடற்படைச் செயலருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று தாளில் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், டச்சு, டேனிஷ், ஜெர்மன் என ஆறு மொழிகளில்.

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த தீவில் அந்த ஆறு மொழிகளில் ஒன்றைக்கூடப் பேச ஆளில்லை. அங்கே காலங்காலமாக வாழ்ந்த இனுயிட் மக்களின் மொழி அதில் அச்சாகவில்லை.

1845 மே 19 அன்று சர் ஜான் பிராங்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பின. கனடாவின் வடக்கே, பனிக்கட்டிகளுக்கும் தீவுகளுக்கும் நடுவே, அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு ஒரு கடல்வழி கண்டுபிடிப்பதுதான் வேலை. கிரீன்லாந்தில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பியதுபோக, 129 பேர். ஜூலை மாதக் கடைசியில் திமிங்கில வேட்டைக்காரர்கள் அவர்களைப் பாஃபின் விரிகுடாவில் பார்த்தார்கள். அதன்பிறகு ஐரோப்பியர் யாரும் அவர்களை உயிரோடு பார்க்கவில்லை.

நம் தாள் இரண்டு வருஷம் கப்பலிலேயே கிடந்தது. 1847 மே மாதம் அதற்கு வேலை வந்தது. லெப்டினன்ட் கிரகாம் கோர் ஆறு மாலுமிகளோடும் இன்னொரு அதிகாரியோடும் கப்பலை விட்டிறங்கி, உறைந்த கடல்மேல் நடந்து கிங் வில்லியம் தீவின் கரைக்குப் போனார். கையில் தகர உருளை. உள்ளே தாள். கப்பல்கள் பனியில் சிக்கியிருக்கும் இடம், அதற்கு முந்தைய குளிர்காலத்தைப் பீச்சி தீவில் கழித்தது, தலைவர் பிராங்ளின் என்ற விவரம், கடைசியில் ‘அனைவரும் நலம்’. தேதி மே 28. கற்களைக் குவித்து அதற்குள் உருளையை வைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

அந்தச் சில வரிகளிலேயே ஒரு பிழை இருக்கிறது. பீச்சி தீவில் தங்கியது 1846-47 குளிர்காலத்தில் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது 1845-46. அந்தத் தீவில் இறந்த மூவரின் கல்லறைப் பலகைகளில் 1846 என்ற வருஷம் இருக்கிறது. தேடிப் போனவர்கள் 1850-லேயே அதைப் பார்த்துவிட்டார்கள். டின் உணவிலிருந்த ஈயம் உடம்பில் ஏறி மூளை கலங்கியதற்கு இந்தப் பிழையே சாட்சி என்று வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜனவரியில் காசோலை எழுதும்போது பழைய வருஷத்தைப் போடாதவர் யார்? இரண்டு வருஷங்களில் கால் வைத்து நிற்கிற ஒரு குளிர்காலத்தை, மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊரில் உட்கார்ந்து எழுதும்போது கை தடுமாறத்தான் செய்யும்.

‘அனைவரும் நலம்’ என்று எழுதிப் பதினான்கே நாளில், ஜூன் 11 அன்று, பிராங்ளின் இறந்துபோனார். அந்தக் கோடையில் பனி உருகி வழிவிடவில்லை.

அடுத்த ஏப்ரலில் தாளை மறுபடி வெளியே எடுத்தார்கள். ஜான் இர்விங் என்ற லெப்டினன்ட் கற்குவியலைத் தேடிக் கண்டுபிடித்து, உருளையைக் கொண்டுவந்து கொடுத்தார். எரிபஸின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் வாங்கிப் பிரித்தார். எழுத இடம் எங்கே இருக்கிறது? மேலே பழைய செய்தி, கீழே ஆறு மொழி வேண்டுகோள். மிச்சம் இருந்தது நாலு பக்க ஓரம்தான். அந்த ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதினார். இன்று அதைப் படிப்பவர் தாளைத் திருப்பித் திருப்பித்தான் படிக்க வேண்டும்.

1848 ஏப்ரல் 25. 1846 செப்டம்பர் 12 முதல் பனி விடாமல் பிடித்துவைத்திருந்த கப்பல்களை ஏப்ரல் 22 அன்று கைவிட்டோம். 105 பேர் கேப்டன் பிரான்சிஸ் குரோசியர் தலைமையில் இங்கே கரையிறங்கியிருக்கிறோம். இதுவரை இறந்தவர்கள் ஒன்பது அதிகாரிகள், பதினைந்து மாலுமிகள். இதுதான் சாரம். ஆனால் எழுதியதில் பாதி, இந்தத் தாள் முன்பு எந்த இடத்தில் இருந்தது, ஏன் நான்கு மைல் நகர்த்தி இங்கே வைத்தோம், முன்பு இங்கே வந்த ஜேம்ஸ் ராஸ் கட்டிய பழைய தூண் கண்ணில் படவில்லை என்ற விளக்கங்களுக்கே போய்விட்டது. எப்படி இறந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பேர் நோயில் கிடந்தார்கள், எதுவும் இல்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 105 பேரைப் பனியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மை உறைகிற குளிரில் எழுதுகிற ஒருவர், தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார்.

ஒரு சொல்லில் மட்டும் என் கண் நின்றுவிடுகிறது. மேலே லெப்டினன்ட் கோர் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஓரத்தில், இந்தத் தாளை முதலில் வைத்தவர் ‘காலஞ்சென்ற கமாண்டர் கோர்’. பதவி உயர்வும் சாவும் ஒரே தாளில் சில அங்குல இடைவெளியில் இருக்கின்றன. மேலே இருக்கிற முதல் செய்தியும், கையெழுத்துகள் நீங்கலாக, ஃபிட்ஸ்ஜேம்ஸின் கையால் எழுதியதுதான். ‘அனைவரும் நலம்’ என்று எழுதியவரே இறந்தவர்களை எண்ணியும் எழுதினார்.

குரோசியர் கையெழுத்துப் போட்டார். அதோடு சொந்தக் கையால் ஒரே ஒரு தகவல் சேர்த்தார்: நாளை 26-ஆம் தேதி பேக் மீன் ஆற்றை நோக்கிப் புறப்படுகிறோம்.

பதினோரு வருஷம் உருளை கல்லிடுக்கில் கிடந்தது. குவியலின் உச்சியிலிருந்து சரிந்த கற்களோடு அதுவும் தரையில் விழுந்தது. துரு தாளில் இறங்கியது. ஓரம் ஒரு இடத்தில் அரித்துப்போய், தேதியின் சில எழுத்துகளும் போயின.

அந்த வருஷங்களில் லண்டன் சும்மா இருக்கவில்லை. கப்பல் மேல் கப்பலாகத் தேடல் நடந்தது. உண்மையில் செய்தி 1854-லேயே கிடைத்துவிட்டது. ஜான் ரே என்பவர் இனுயிட் மக்களிடம் கேட்டுவந்து சொன்னார்: சுமார் நாற்பது வெள்ளையர்கள் படகை இழுத்துக்கொண்டு தெற்கே போனார்கள், பட்டினியில் செத்தார்கள், கடைசியில் செத்தவர்களின் சதையைத் தின்றார்கள். பிராங்ளினுக்குக் கொடுத்த பதக்கத்தையும் வெள்ளிக் கரண்டிகளையும் அந்த இனுயிட் மக்களிடமிருந்து வாங்கி வந்தார். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில், இந்த மக்களின் பேச்சை நம்பக் கூடாது என்று மிகக் கடுமையாக எழுதினார். நான் போற்றும் எழுத்தாளர். ஆனாலும் இந்தக் கட்டுரைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதை, பார்க்காதவர் பொய் என்றார்.

எழுத்தில் ஏதாவது கிடைக்காதா என்ற தவிப்பு விதவை ஜேன் பிராங்ளினுக்கு. அவர் முயற்சியில் ஃபாக்ஸ் என்ற சிறு கப்பல் மெக்கிளின்டாக் தலைமையில் போனது. 1859 மே மாதத் தொடக்கத்தில் அவருடைய லெப்டினன்ட் வில்லியம் ஹாப்சன் விக்டரி பாயிண்ட் அருகே அந்தக் கற்குவியலைக் கண்டார். சுற்றிலும் கொட்டிக் கிடந்தவை: நாலடி உயரத்துக்குக் குவிந்த துணிகள், அடுப்புகள், மருந்துப் பெட்டி, திரைச்சீலைக் கம்பிகள். கற்களுக்கு நடுவே உருளை. ஹாப்சனுக்கே அப்போது ஸ்கர்வி முற்றியிருந்தது. கப்பலுக்குத் திரும்பும்போது நடக்க முடியாமல் சறுக்குவண்டியில் படுத்துத்தான் வந்தார்.

அதே கரையில் தெற்கே இன்னொரு உருளையும் அவருக்குக் கிடைத்தது. கோர் வைத்துவிட்டுப் போன இரண்டாவது படிவம். அதே செய்தி, அதே வருஷப் பிழை. அதை யாரும் வந்து திறக்கவே இல்லை. எல்லாரும் செத்த பிறகும், ஓரத்தில் எதுவும் சேராமல், அந்தத் தாள் பன்னிரண்டு வருஷம் ‘அனைவரும் நலம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

1859 செப்டம்பரில் ஃபாக்ஸ் இங்கிலாந்து திரும்பியது. படிவத்தில் கேட்டிருந்தபடியே தாள் லண்டன் வந்து சேர்ந்தது. மெக்கிளின்டாக்கின் பயண நூலில் அதன் நகலை அச்சிட்டார்கள். இப்போது அது கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இனுயிட் மக்கள் சொன்னதற்கு இப்படி ஓர் இடம் கிடைக்க ரொம்ப நாள் ஆனது. மெக்கிளின்டாக்கிடம் ஒரு மூதாட்டி, அந்த வெள்ளையர்கள் நடக்க நடக்கவே விழுந்து செத்தார்கள் என்று சொன்னார். 1879-இல் ஷ்வாட்கா என்ற அமெரிக்கரிடம், கிடைத்த புத்தகங்களைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனால் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளை வேறு என்ன செய்வார்கள்? கப்பல் மூழ்கிய இடத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவர்கள் சொன்ன பகுதியில்தான் 2014-இல் எரிபஸ் கிடைத்தது. யோவா ஹேவனைச் சேர்ந்த சாமி காக்விக் என்ற இனுயிட் காட்டிய குறிப்பால் 2016-இல் டெரர் கிடைத்தது. தாள் சொன்ன இடத்திலிருந்து இரண்டுமே வெகு தூரம் தெற்கே. பனி இழுத்து வந்ததா, ஆட்கள் சிலர் திரும்பிப் போய் ஏறி ஓட்டினார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கிங் வில்லியம் தீவின் எரிபஸ் குடாவில், தாள் இருந்த இடத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே, குறைந்தது பதின்மூன்று பேரின் எலும்புகள் கிடைத்தன. 1997-இல் வந்த ஆய்வு, அவற்றில் பலவற்றில் கத்தி வெட்டுத் தடங்கள் இருப்பதைக் காட்டியது. ரே கேட்டுவந்து சொன்னது அதுதான். 2024-இல் அங்கிருந்த ஒரு கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, உறவுவழி வந்த ஒருவரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். தாடையில் வெட்டுத் தடங்கள் இருந்தன.

மற்றவர்களின் எலும்புகளோடு அதுவும் இப்போது அந்தக் கரையிலேயே, கற்களைக் குவித்து எழுப்பிய ஒரு நினைவு மேட்டுக்குள் இருக்கிறது.