சாயமும் சிறுநீர்ப்பையும்: ஒரு நீண்ட கதை

கெமிக்கல், டெக்ஸ்டைல் பிரிவுகளில் படித்தவர்களுக்கு ஆர்கானிக் லேபில் செய்த அந்தச் சோதனை மறந்திருக்காது. ஐஸ் போட்ட பீக்கரில் ஒரு டெஸ்ட் ட்யூப். அதில் அனிலின், ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் நைட்ரைட். இன்னொரு ட்யூபில் பீட்டா-நாஃப்தால். இரண்டும் சேர்ந்த கணமே பளிச்சென்று ஆரஞ்சு கலந்த சிவப்பு! "அசோ டை டெஸ்ட் பாசிட்டிவ்" என்று ரெக்கார்டில் எழுதிவிட்டு, விரலில் ஒட்டிய சாயத்தோடேயே மெஸ்ஸுக்கு ஓடினோம். அந்த ஒரு துளி வேதியியலை வைத்து எழுந்ததுதான் உலகத்தின் செயற்கைச் சாயத் தொழிலில் பெரும்பங்கு. அது மனித உடம்பில் எந்த உறுப்பைப் பதம் பார்த்தது என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சிலபஸில் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதைச் சொல்லித் தந்தது என் பெரியப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் கொங்குப் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் வேலை பார்த்தவர். 2016-ல் ஒரு கல்யாண வீட்டில், பேச்சோடு பேச்சாக, எட்டு மாசமாகச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்றார். டாக்டரிடம் போகவில்லையா என்று பதறினேன். "வலியில்ல கண்ணு. சாயத்துல நிக்கிறவனுக்குக் கலர் மாறிப் போறது புதுசா?" என்று சிரித்தார். வலியில்லாமல் இரத்தம் போவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் என்பது அவருக்கும் தெரியாது. எஞ்சினியர் என்று பெயர் போட்டுக்கொண்ட எனக்கும் தெரியாது. ஸ்கேன், பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தது, பயாப்ஸி எல்லாம் முடிந்தபின், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் படிக்க ஆரம்பித்த வரலாறு இது.

1856-ல் லண்டனில் பதினெட்டு வயதுப் பையன் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கு க்வினைன் செய்யப் போய், தற்செயலாக ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தான். மூன்றே வருஷத்தில் பிரான்சில் ஃபூக்ஸின் வந்தது. நாம் மெஜந்தா என்கிறோமே, அதுதான். அடுத்த சில வருஷங்களில் ஜெர்மனியின் ரைன், மைன் நதிக்கரைகளில் சாயத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. தாரிலிருந்து நிறம் எடுத்து உலகத்துக்கே விற்றார்கள்.

ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்று ஓர் அறுவை மருத்துவர். 1896-ல் கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தவர் என்று மருத்துவ வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. அதற்கு முந்தைய வருஷம் பெர்லினில் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் அவர் சொன்னதைத்தான் நம் மாதிரி ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபூக்ஸின் தயாரிப்பில் இருந்த 45 தொழிலாளர்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. 45-க்கு மூன்று! ஊரில் அபூர்வமாக வரும் நோய் ஒரே கூரையின் கீழ் மூன்று பேருக்கு வந்தால் அது தற்செயலா? தொழிற்சாலைக் காற்றில் இருக்கும் அனிலின் ஆவிதான் காரணம் என்றார் ரேன். அனிலின் என்று சொன்னது குறி கொஞ்சம் தப்பியது. ஆனால் சுட்டிய திசை சரி.

அவருக்கு அந்தக் கட்டியைப் பார்க்க முடிந்ததே ஒரு எஞ்சினியரிங் சாதனை. 1879-ல் மாக்ஸ் நிட்ஸ என்ற மருத்துவர், கருவி செய்யும் ஒருவரோடு சேர்ந்து, சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விளக்கு கொண்டுபோகும் குழாயை வியன்னாவில் காட்டினார். விளக்கு என்றால் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி. சுட்டுவிடாமல் இருக்கக் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓட்டம்! எடிசனின் பல்பைச் சிறிதாக்கி நுனியில் வைத்த பிறகுதான் தண்ணீர் தேவைப்படாமல் போனது. மெக்கானிக்கல் நண்பர்கள் இதைப் படித்து மகிழலாம்.

1921-ல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அனிலின் தொழிற்சாலைகளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தனி அறிக்கையே வெளியிட்டது. அதில் இரண்டு பெயர்கள் முன்னுக்கு வந்தன: பீட்டா-நாஃப்தைலமின், பென்சிடின். (நாம் லேபில் தொட்டது பீட்டா-நாஃப்தால். பெயரில் ஒட்டு இருந்தாலும் அது வேறு சரக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.)

ஏன் சிறுநீர்ப்பை? மூக்கில் போனது நுரையீரலைத் தாக்கலாம், தோலில் பட்டது தோலைத் தாக்கலாம். வயிற்றின் அடியில் இருக்கும் பைக்கு என்ன வந்தது? ரெசிடென்ஸ் டைம் படித்தவனுக்கு விடை எளிது. மூச்சிலும் தோலிலும் புகுந்த அமினை வெளியேற்றக் கல்லீரல் அதை மாற்றிப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. சிறுநீரகம் வடிகட்டுகிறது, அதற்குக் கீழே உள்ள குழாயில் சிறுநீர் சில நிமிஷம்தான் ஓடுகிறது. ஆனால் பை ஒரு ஸ்டோரேஜ் டேங்க். மணிக்கணக்கில் தேக்கி வைக்கிறது. அமிலத் தன்மையுள்ள சிறுநீரில் பொட்டலம் அவிழ்ந்து, உள்ளிருந்தது பையின் உள்சுவர் செல்களின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. குழாயிலும் சிறுநீரக வாயிலிலும் அதே வகை உள்சுவர்தான். அங்கேயும் இந்தப் புற்றுநோய் வரும், ஆனால் மிகக் குறைவு. டேங்க்கில்தான் அரிப்பு அதிகம் என்பது நமக்குப் புதிதா?

காசநோய் மாத்திரை ஐசோனியாசிட் சிலர் உடம்பில் சீக்கிரம் கரைகிறது, சிலருக்கு மெதுவாக. அதே என்சைம்தான் இந்த அமின்களில் சிலவற்றையும் முடக்குகிறது. மெதுவாகச் செய்யும் உடம்புக்காரர்களுக்கு ஆபத்து கூடுதல். பக்கத்தில் நின்று அதே வேலை செய்தவன் தப்பித்தான், நமக்கு மட்டும் ஏன் என்று பெரியப்பா கேட்டதற்கு ஒரு பகுதி விடை அங்கே இருக்கலாம்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் வருவது நின்றதும் அமெரிக்கா தானே செய்ய ஆரம்பித்தது. டூபாண்ட் கம்பெனியின் நியூ ஜெர்சி ஆலையில் 1930-களின் தொடக்கத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தலைகாட்டியது. ஏறத்தாழ பதினைந்து வருஷ இடைவெளி, கவனியுங்கள். அங்கே ஆராய்ச்சிக்கு வந்த வில்ஹெல்ம் ஹூப்பர் ஆலையைப் பார்க்கப் போனாராம். பளபளவென்று சுத்தம். பாராட்டப் போனால், நேற்றைக்கு வந்திருக்க வேண்டும் டாக்டர், உங்களுக்காக ராத்திரி முழுக்கக் கழுவினோம் என்ற பொருளில் ஓர் ஆள் சொன்னாராம். உடனே சொல்லாமல் கொள்ளாமல் பென்சிடின் பகுதிக்குப் போய்ப் பார்த்தால் தரை, ஜன்னல் எங்கும் வெள்ளைப் பொடி. ஹூப்பரே தன் நினைவுகளில் எழுதியது இது. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் நம் ஊர் ஆலைகளில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. 1937-ல் அவர் வேலை போனது. 1938-ல் பீட்டா-நாஃப்தைலமின் கொடுத்த நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததை அவரும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. ஆலைகள் மட்டும் ஓடின.

பிரிட்டனில் ராபர்ட் கேஸ் 1954-ல் சாயத் தொழிலாளர்களின் பட்டியல்களை வருஷக்கணக்காகத் துழாவிக் கணக்குப் போட்டார். வேலையில் சேர்ந்ததற்கும் நோய் வந்ததற்கும் சராசரியாகப் பதினெட்டு வருஷம். ஓர் ஆலையில் பீட்டா-நாஃப்தைலமினைக் காய்ச்சி வடித்த பதினைந்து பேரில் பதினைந்து பேருக்கும் புற்றுநோய். ரப்பர் தொழிலாளர்களிடமும் அதே நோயை அவர் கண்டார். ரப்பரில் கலந்த ஒரு மருந்தில் அதே அமின் அசுத்தமாக இருந்திருக்கிறது. பிரிட்டனில் இவற்றின் தயாரிப்பைத் தடை செய்த சட்டம் 1967-ல் வந்தது. ரேன் பேசியது 1895. எழுபத்திரண்டு வருஷம்!

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1884-ல் கண்டுபிடித்த காங்கோ ரெட், பருத்தியில் மாற்று மருந்து எதுவும் சேர்க்காமல் நேராகப் பிடித்த முதல் செயற்கைச் சாயம். அதன் நடு எலும்பே பென்சிடின். பருத்தி ஊருக்கு அதைவிட மலிவான வரம் உண்டா? சாயமாகக் கட்டுண்டு இருந்தால் ஆபத்தில்லை என்று வெகுகாலம் நம்பினார்கள். குடல் பாக்டீரியா அந்தக் கட்டை உடைத்துப் பென்சிடினைத் திரும்பத் தந்துவிடும். ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கிமோனோ ஓவியர்கள் தூரிகையை நாக்கில் தீட்டித் தீட்டி வரைந்தவர்கள். அவர்களிடம் இந்த நோய் அதிகம் காணப்பட்டது. 1994-ல் ஜெர்மனி, இப்படிப்பட்ட அமின்களை வெளிவிடும் சாயமுள்ள துணி வேண்டாம் என்றது. இந்தியாவில் படிப்படியாக 1997-க்குள் 112 சாயங்களைக் கையாளத் தடை வந்தது. பனியன் ஏற்றுமதிக்காரர்கள் லேப் ரிப்போர்ட்டோடு அலைந்த காலம் அது. எனக்கு உறுத்துவது ஒன்று. அந்தப் பரபரப்பு எல்லாம் துணியை உடுத்துபவன் தோலுக்காக. பொடியை வெறுங்கையால் அள்ளிக் கரைத்தவன் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. நொய்யல் ஆற்றுக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளையே மூடச் சொன்னது, நியாயம்தான். அந்த வழக்குச் செய்திகளை நாள் தவறாமல் படித்த என் கண்ணிலும் பட்டறை ஆட்களின் சிறுநீர்ப்பை படவில்லை.

பெரியப்பாவுக்குச் சாயத்தால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இருபது வயதிலிருந்து பீடி. புகையிலைப் புகையிலும் அதே பீட்டா-நாஃப்தைலமின் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த நோயில் ஏறத்தாழ பாதி புகையால்தான் என்று கணக்கிடுகிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டும்தான், எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது" என்றார். எந்தெந்தச் சாயம் கரைத்தார் என்று பெரியப்பாவிடம் பட்டியல் கேட்டேன். அவருக்குத் தெரிந்தது டப்பா மேல் இருந்த படங்கள்தான். வேலை பார்த்த இடங்களில் ஒன்றில்கூட அவர் பெயரில் ஒரு மெடிக்கல் தாள் கிடைக்கவில்லை. அதனால் இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை.

நோய் தசைக்குள் இறங்கவில்லை. குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரம் ஒருமுறை பைக்குள் பி.சி.ஜி. மருந்து. குழந்தைகளுக்குக் காசநோய்க்காகக் கையில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி.தான், கனடாவில் 1976-ல் இந்தப் பயன் வெளியானது. உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். மறுபடி ரெசிடென்ஸ் டைம்!

இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் குணமுள்ளது. ஒருமுறை வந்தது, மறுபடி எடுத்தார்கள். முதலில் மூன்று மாசத்துக்கு ஒருமுறை, இப்போது வருஷத்துக்கு ஒருமுறை நிட்ஸவின் குழாயின் பேரப்பிள்ளை அவர் பையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. போன தடவை அவரோடு கூட வந்தது பட்டறையில் அவருக்கு ஜூனியராக இருந்தவர், வயது ஐம்பத்தெட்டு. சும்மா துணைக்கு வந்ததாகச் சொன்னார். ஓ.பி. சீட்டு வாங்கும்போது பெரியப்பா கவுண்டரில் குனிந்து, "ரெண்டு சீட்டு போடுங்க" என்றார்.